லினக்ஸ் ஏன் நிண்டிச்சு, மத்த கேர்னலெல்லாம் எங்க போச்சு

களுவாஞ்சிகுடியில ஏ.எல் ஐ.சி.டி செய்யிற தம்பி ஒருத்தர் போன கிழமை ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். லினக்ஸ் எண்டது ஓஎஸ்ஸா (கொம்பியூட்டர ஓட்டுற முழு ஒப்பரேட்டிங் சிஸ்டமா) கேர்னலா, சேர் ஒண்டு சொல்றாரு யூடியூப்ல இன்னொண்டு சொல்றாங்க, அதோட அந்தக் காலத்தில பிஎஸ்டி, ஹேர்ட், மினிக்ஸ் எண்டு வேற கேர்னலும் இருந்ததாமே, அப்ப ஏன் லினக்ஸ் மட்டும் இவ்வளவு பெருசா வந்திச்சு, அதுதான் நல்ல டிசைனா எண்டு. நல்ல கேள்வி, அதுவும் அந்தக் கடைசித் துண்டு.

அவசரக்காரருக்கு சுருக்கமா சொல்லிர்றன். லினக்ஸ் எண்டது கேர்னல், அதாவது ஓஎஸ்ஸுக்கு அத்திவாரமா இரிக்கிற துண்டு. டிசைன்ல பாத்தா அந்த நேரமே பழசு எண்டு பேச்சு வாங்கின சாமான். அது நிண்டதுக்குக் காரணம், 1991, 92ல ஒரு மாணவன் வீட்டுக் கொம்பியூட்டர்ல போட்டு, உள்ளுக்க கிண்டி, மாத்தி, திருப்பி மத்தவனுக்குக் குடுக்கிற மாதிரி, பயமில்லாமக் கையில கிடைச்ச ஒரே யுனிக்ஸ் மாதிரிக் கேர்னல் அதுதான். மத்ததுல ஒண்டு நீதிமன்ற வழக்கில மாட்டிச்சு, ஒண்டு கட்டி முடிய இல்ல, ஒண்ட படிப்பிக்க மட்டும் எண்டு வச்சிருந்தாங்க. நேரமிரிக்கிற ஆக்கள் மிச்சத்த வாசிங்க, கொஞ்சம் நீளும்.

முதல்ல ஃபோன எடுங்க. அண்ட்ரொய்ட் எண்டா செட்டிங்ஸ்ல அபவுட் ஃபோனுக்குள்ள போய்த் தேடுங்க, கேர்னல் வேர்ஷன் எண்டு 4.19, 5.10 மாதிரி ஒரு நம்பர் கிடக்கும். அது லினக்ஸ்ட நம்பர். அண்ட்ரொய்ட் எண்டது அதுக்கு மேல கட்டின வீடு. உபுண்டு, டெபியன் எண்டதும் அதே அத்திவாரத்துக்கு மேல கட்டின வேற வீடுகள். அதால சேர் சொன்னதும் யூடியூப்காரன் சொன்னதும் ரெண்டுமே முழுப்பிழை இல்ல, பேச்சு வழக்கில முழு சிஸ்டத்தையும் லினக்ஸ் எண்டுதான் சொல்றம், ஆனா சோதனையில கேட்டா கேர்னல் எண்டு எழுதுங்க. (எங்கட ஊர்ல கேர்னல் எண்டா வயசான ஆக்கள் கேணல் எண்டு நினைச்சுத் திரும்பிப் பாப்பாங்க, அது வேற கதை.)

கேர்னல் என்ன செய்யிது எண்டு படிப்பிக்க நான் எப்பவும் வட்டை விதானையத்தான் இழுப்பன். என்ட மாமா ஒருத்தர் உன்னிச்சைக் குளத்துத் தண்ணி பாயிற ஒரு வட்டைக்கு விதானையா இருந்தவர். சிறுபோகத்தில தண்ணி மட்டு, எல்லாருக்கும் வயல் காயிது, எல்லாருக்கும் ஒரே நேரம் தண்ணி வேணும். ஆருக்கு எப்ப தண்ணி, எவ்வளவு நேரம், ஆர்ர முறை முடிஞ்சிது, எந்த வாய்க்கால் உடைஞ்சி கிடக்கு, இதெல்லாம் விதானைட தலையில. வயல்காரன் தன்ட வரம்புக்கு உள்ளுக்க என்னவும் செய்யலாம், ஆனா மதகுல கை வைக்கேலா, தண்ணி வேணுமெண்டா விதானையிட்டத்தான் கேக்கணும். கொம்பியூட்டர்ல ப்ரோக்ராம் எண்டது வயல்காரன், ப்ரொசசர் நேரமும் மெமரியும் தண்ணி, கேர்னல் விதானை. ப்ரோக்ராம் கேர்னலிட்ட போய்க் கேக்கிறதுக்குப் பேர்தான் சிஸ்டம் கோல். ஒரே ஒரு வித்தியாசம், வயல்ல ராவில ஒளிச்சுப் போய் மதகத் திறக்கிறவன் இரிப்பான், கொம்பியூட்டர்ல அத ப்ரொசசரே தடுத்துரும், கேர்னல் மோட், யூசர் மோட் எண்டு ரெண்டு நிலை இரிக்கிறது அதுக்குத்தான். வீட்டுக் கொம்பியூட்டர்ல அந்தத் தடுப்பு ஒழுங்கா வந்தது இன்டெல்ட 386 சிப்போட, 1985ல. இந்த 386 எண்ட நம்பர ஞாபகம் வச்சுக்கங்க, கதையில திரும்ப வரும்.

சரி, எங்க தொடங்கினது. 1969ல அமெரிக்காவில பெல் லேப்ஸ் எண்ட இடத்தில கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும். மல்டிக்ஸ் எண்டு ஒரு பெரிய திட்டத்தில பெல் லேப்ஸும் கூட்டுச் சேந்து இருந்திச்சு, அது இழுபட்டு இழுபட்டு ஒண்ணும் சரிவரல்ல எண்டு அவங்க விலகிட்டாங்க. பிறகு தொம்சன் மூலையில கிடந்த பிடிபி-7 எண்ட மெஷின்ல சின்னதா ஒண்டு எழுதினாரு, அதுதான் யுனிக்ஸ். 1973ல அத சி மொழியில திருப்பி எழுதினாங்க, அதுக்குப் பிறகு ஒரு மெஷின்ல இருந்து இன்னொரு மெஷினுக்குக் கொண்டு போறது எவ்வளவோ சுகமாப் போச்சு.

இப்ப பாருங்க, யுனிக்ஸ் பரவினதுக்குக் காரணம் அந்தக் கொம்பனிட நல்ல மனசு இல்ல. ஏடி அண்ட் டி எண்டது டெலிஃபோன் ஏகபோகம், 1956ல அரசாங்கத்தோட செஞ்ச ஒரு வழக்குத் தீர்வால அவங்களுக்குக் கொம்பியூட்டர் வியாபாரம் செய்யேலா. விக்கேலாத சாமான என்ன செய்யிற, கம்பஸ்களுக்குச் சின்னக் காசுக்கு சோர்ஸ் கோடோட, அதாவது ப்ரோக்ராம எழுதின மூல வரிகளோட குடுத்தாங்க. சப்போர்ட் இல்ல, பிழை வந்தா நீயே திருத்து. அதால கம்பஸ் பொடியனுகள் தாங்களே திருத்தத் தொடங்கினாங்க, திருத்தினத மத்தக் கம்பஸுக்குக் குடுத்தாங்க. ஓப்பன் சோர்ஸ் எண்ட பேர் பிறக்க 20 வருசத்துக்கு முதலே இந்தப் பழக்கம் வந்திட்டு.

இதில எனக்குச் சரியான விருப்பமான கதை ஒண்டு இரிக்கு. அவுஸ்ரேலியாவில நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில ஜோன் லயன்ஸ் எண்டு ஒரு ஆசிரியர், 1976ல யுனிக்ஸ் ஆறாம் பதிப்புட முழுக் கேர்னலையும் வரி வரியா விளக்கி மாணவர்களுக்கு நோட்ஸ் எழுதினார். கேர்னல் முழுக்க ஏறக்குறைய 9,000 வரிதான், ஒரு மனுசன் ஒரு தவணைக்குள்ள வாசிச்சு முடிக்கலாம். பிறகு 1979ல வந்த ஏழாம் பதிப்புட லைசன்ஸ்ல, சோர்ஸ் கோட வகுப்பில படிப்பிக்கக் கூடாது எண்டு போட்டுட்டாங்க. அவ்வளவுதான், லயன்ஸ்ட நோட்ஸ் ஃபோட்டோ கொப்பியாகத் திரியத் தொடங்கிச்சு, கொப்பிட கொப்பிட கொப்பி, எழுத்தெல்லாம் மங்கி, கையால கைக்கு மாறி 20 வருசம் உலகம் முழுக்கச் சுத்திச்சு. ஒழுங்கா அச்சில வந்தது 1996ல. எங்கட பக்கம் டியூசன் நோட்ஸ் ஃபோட்டோ கொப்பிக் கடையில படுற பாடு தெரிஞ்ச ஆக்களுக்கு இது நல்லா விளங்கும். ஒண்ட மூடி வச்சா கொப்பிக் கடைக்காரனுக்குத்தான் உழைப்பு.

அந்த 1979 தடைதான் மினிக்ஸ் பிறக்கக் காரணம். நெதர்லாந்தில அண்ட்ரூ தனன்பாம் எண்ட பேராசிரியர், யுனிக்ஸ படிப்பிக்கேலா எண்டா நானே ஒண்டு எழுதுறன் எண்டு எழுதி 1987ல பாடப்புத்தகத்தோட விட்டாரு. சோர்ஸ் கோட் பாக்கலாம், படிக்கலாம். ஆனா காசு குடுத்து வாங்கணும், மாத்தினத முழுசா மத்தவனுக்குக் குடுக்க உரிமை இல்ல, உரிமை பதிப்பகத்திட்ட. அதோட ஆக்கள் அனுப்புற மாற்றத்தையெல்லாம் அவர் சேக்கவும் மாட்டாரு, ஏனெண்டா அது பாடம், ஒரு தவணையில மாணவனுக்கு விளங்கணும், பெருசாக்கினா விளங்காது. அவர்ட பக்கம் நியாயம் இரிக்கு, நானும் படிப்பிக்கிற ஆள், எனக்கு விளங்குது. ஆனா வெளிய நிண்ட ஆயிரக்கணக்கான பொடியனுகளுக்குப் பாடம் வேண்டாம், ஓடுற சாமான் வேணும்.

அதே நேரம் இன்னொரு பக்கத்தால ரிச்சர்ட் ஸ்டோல்மன். 1983ல ஜிஎன்யூ எண்டு தொடங்கி, யுனிக்ஸ் மாதிரி முழுக்கச் சுதந்திரமான ஒரு சிஸ்டம் கட்டுறம் எண்டு அறிவிச்சாரு. கொம்பைலர், எடிட்டர், ஷெல் எண்டு ஒவ்வொண்டா கட்டிக்கிட்டு வந்தாங்க, எல்லாம் முதல் தரம். மத்தவன் மாத்தவும் திருப்பிக் குடுக்கவும் விடுற ஜிபிஎல் லைசன்ஸ் 1989ல, அதுட ரெண்டாவது பதிப்பு 1991ல. வீட்டுக்கு எல்லாம் வாங்கி வச்சாச்சு, அத்திவாரம் மட்டும் கடைசிக்கு விட்டாங்க. 1990ல ஹேர்ட் எண்டு கேர்னல் வேலையத் தொடங்கினாங்க, கார்னகி மெலன் பல்கலைக்கழகத்து மாக் எண்ட மைக்ரோகேர்னலுக்கு (சின்னக் கேர்னல், விளக்கம் பிறகு வரும்) மேல நிறைய சின்னச் சின்ன சேர்வர்களா. எழுத்தில பாத்தா வலு வடிவான டிசைன். நடைமுறையில ஒரு சேர்வர் இன்னொரு சேர்வரோட கதைச்சிக்கிட்டே இரிக்கும், எங்க பிழை எண்டு பிடிக்க ஏலா. இண்டைக்கும் அது 1.0 ஆகல்ல, 2016ல வந்த வெளியீட்டுக்கே 0.9 எண்டுதான் பேர்.

மூணாவது ஆள்தான் உண்மையா ஜெயிச்சிருக்க வேண்டிய ஆள். கலிஃபோர்னியாட பேர்க்லி கம்பஸ். பில் ஜோய் எண்ட பொடியன் 1978ல பேர்க்லி யுனிக்ஸான பிஎஸ்டிட முதல் டேப்ப விட்டாரு, 1983ல வந்த 4.2 பிஎஸ்டியோட டிசிபி ஐபி முழுக்க உள்ளுக்க வந்திச்சு, இண்டைக்கு நாம நெட்ல கதைக்கிற மொழி யுனிக்ஸ் உலகத்துக்குப் பரவினது அந்த வழியால. பிறகு ஏடி அண்ட் டிட லைசன்ஸ் விலை ஏற ஏற, கீத் பொஸ்டிக்கும் கூட்டமும் ஏடி அண்ட் டிட கோட ஒவ்வொண்டாக் கழட்டி எறிஞ்சு புதுசா எழுதினாங்க. 1991 ஜூன்ல விட்ட நெட்-2 எண்ட வெளியீட்டில கேர்னல் முழுசாக ஆறே ஆறு ஃபைல்தான் குறை. ஆறு! அந்த ஆறையும் பில் ஜோலிட்ஸ் எழுதிப் போட்டு, அவரும் மனுசி லின் ஜோலிட்ஸும் 1992ல 386பிஎஸ்டி எண்டு விட்டாங்க. வீட்டு 386ல ஓடுற, பத்துப் பதினைஞ்சு வருசம் அடி வாங்கி முத்தின, உண்மையான யுனிக்ஸ். இதுக்குப் பிறகு லினஸ் டோர்வால்ட்ஸ் எண்ட ஃபின்லாந்துப் பொடியன் எழுதின லினக்ஸ் எண்ட விளையாட்டுச் சாமான ஆர் தேடுவான்?

அங்கதான் வழக்கு வந்து விழுந்திச்சு. பிஎஸ்டிஐ எண்டு ஒரு சின்னக் கொம்பனி அதே நெட்-2 கோட வச்சு வியாபாரம் தொடங்கினாங்க, சும்மா இருந்திருந்தாலும் கொஞ்ச நாள் தப்பியிருப்பாங்களோ என்னவோ, டெலிஃபோன் நம்பரையே "இது யுனிக்ஸ்" எண்டு எழுத்து வாற மாதிரி எடுத்து விளம்பரம் போட்டாங்க. ஏடி அண்ட் டிட யுனிக்ஸ் கிளை 1992ல வழக்குப் போட்டுட்டு. பிறகு பல்கலைக்கழகத்தையும் இழுத்தாங்க, பல்கலைக்கழகம் திருப்பி அவங்கள்ல வழக்குப் போட்டிச்சு, உங்கட சிஸ்டத்துக்குள்ள எங்கட கோட் கிடக்கு எங்கட பேரக் காணல்ல எண்டு. 1994 தொடக்கத்தில சமாதானமானாங்க. முடிவு என்ன தெரியுமா, ஏறக்குறைய 18,000 ஃபைல்ல மூணே மூணு ஃபைல எடுக்கணும், இன்னும் ஒரு 70ல கொப்பிரைட் வரி சேக்கணும். இதுக்குத்தான் ரெண்டு வருசம். காணி எல்லை வழக்கு மாதிரி, கடைசியில அளந்து பாத்தா ஒரு முழம், அதுக்குள்ள ரெண்டு போகம் விதைக்காமப் போயிருக்கும்.

அந்த ரெண்டு வருசமும் பிஎஸ்டியில கை வைக்க ஆக்கள் பயந்தாங்க. ஒரு கொம்பனி தன்ட வியாபாரத்த அதுக்கு மேல கட்டுமா, நாளைக்கு நீதிமன்றத்தில இருந்து கடிதம் வந்தா? இந்த ரெண்டு வருசத்துக்குள்ளதான் லினக்ஸ் எழும்பிச்சு. 386பிஎஸ்டி முதலே கையில கிடைச்சிருந்தா லினக்ஸ் நடந்தே இருக்காது எண்டு லினஸ் டோர்வால்ட்ஸே பிறகு சொல்லியிருக்கார். என்னக் கேட்டா இந்தக் கதை முழுக்க அந்த ஒரு வசனத்துக்குள்ள அடங்கிரும்.

லினஸ்ட பக்கம் வருவம். ஹெல்சிங்கி பல்கலைக்கழகம், வயசு 21, 1991 தொடக்கத்தில கடனுக்கு ஒரு 386 வாங்கி மினிக்ஸ் போட்டாரு. கம்பஸ் கொம்பியூட்டரோட மொடத்தால கதைக்க ஒரு டேர்மினல் ப்ரோக்ராம் எழுதினாரு, அதுக்கு ஃபைல் சேமிக்கணும் எண்டு டிஸ்க் ட்ரைவர் (டிஸ்க்க இயக்கிற துண்டு) எழுதினாரு, ஃபைல் சிஸ்டம் எழுதினாரு, இப்பிடியே போய்ப் பாத்தா பாதிக் கேர்னல் வந்திட்டு. ஓகஸ்ட் 25ந் திகதி மினிக்ஸ் ஆக்களுக்கு அறிவிச்சாரு, இலவசமா ஒரு ஓஎஸ் செய்யிறன், சும்மா பொழுதுபோக்கு, ஜிஎன்யூ மாதிரிப் பெருசா வராது, வேற மெஷினுக்கு மாத்தவும் ஏலாது, என்னட்ட இரிக்கிற மாதிரி ஹார்ட் டிஸ்க்கத் தவிர வேற எதுக்கும் சப்போர்ட் வராமப் போகலாம் எண்டு. செப்டெம்பர்ல 0.01. ஏறக்குறைய 10,000 வரி. பேர் கூட அவர் வச்சது ஃப்ரீக்ஸ், ஆக்கள் ஃபைல் இறக்கி எடுக்கிற எஃப்டிபி சேர்வரப் பாத்த அரி லெம்கே எண்டவருக்கு அந்தப் பேர் பிடிக்கல்ல, தானே லினக்ஸ் எண்டு டிரெக்டரி திறந்து போட்டுட்டாரு.

ஒரு நாள் மொடத்துக்குப் பதிலா ஹார்ட் டிஸ்க்குக்கே டயல் பண்ணி, டிஸ்க்ல மினிக்ஸ் இருந்த பகுதிய, அதாவது பாட்டிஷன நாசமாக்கினாரு மனுசன். அதுக்குப் பிறகு மினிக்ஸ திருப்பிப் போடாம லினக்ஸ்லயே இருந்திட்டாரு. எனக்கு இதக் கேட்டதில இருந்து ஒரு ஆறுதல், நான் 2003ல என்ட முதல் லினக்ஸ் போடக்குள்ள விண்டோஸ் பாட்டிஷனையும் அதில கிடந்த அக்காட கலியாண ஃபோட்டோவையும் சேத்து அழிச்சவன். ஃபோட்டோ ஸ்டூடியோக்காரனிட்ட இன்னொரு சிடி இருந்ததால உயிர் தப்பினன்.

டிசைன் சண்டைக்கு வருவம், தம்பி கேட்டது அதுதானே. 1992 ஜனவரி 29ந் திகதி தனன்பாம் எல்லாரும் பாக்க எழுதினாரு, லினக்ஸ் காலாவதியான சாமான் எண்டு. அவர் சொன்ன நியாயம் இது. கேர்னல்ல ரெண்டு மோடி இரிக்கு. ட்ரைவர், ஃபைல் சிஸ்டம், நெட்வேர்க் எல்லாத்தையும் ஒரே பெரிய கேர்னலுக்குள்ள போட்டுக் கட்டுறது மொனோலிதிக். கேர்னலச் சின்னதா வச்சு மிச்சத்தையெல்லாம் வெளிய தனித்தனி ப்ரோக்ராமா விடுறது மைக்ரோகேர்னல். ஒரு ட்ரைவர் விழுந்தா மொனோலிதிக்ல முழு மெஷினும் விழலாம், மைக்ரோகேர்னல்ல அந்தத் துண்ட மட்டும் திருப்பி எழுப்பலாம். 1991ல போய் மொனோலிதிக் எழுதுறது எழுபதுகளுக்குத் திரும்பிப் போற மாதிரி, நீ என்ட மாணவனா இருந்தா நல்ல மார்க்ஸ் கிடைச்சிருக்காது எண்டு சொன்னாரு. லினஸும் விடல்ல, 22 வயசுக் கொழுப்பில திருப்பிக் குடுத்தாரு, மைக்ரோகேர்னல் எழுத்தில வடிவுதான், ஆனா உங்கட மினிக்ஸே அத ஒழுங்காச் செய்யல்லையே எண்டு, அடுத்த நாள் கொஞ்சம் மன்னிப்பும் கேட்டாரு.

கண்ணகியம்மன் கோயில்ல கொம்புமுறி பாத்த ஆக்களுக்கு இந்தச் சண்ட பழக்கமா இரிக்கும். வடசேரி, தென்சேரி எண்டு ஊர் ரெண்டாப் பிரிஞ்சு இழுத்து, தோத்தவனுக்கு வசைப்பாட்டும் பாடி, ஆனா அடுத்த நாள் எல்லாரும் அதே கடையில பிளேன்டீ குடிப்பாங்க. கேர்னல்காரரும் அப்பிடித்தான், முப்பது வருசமா இழுக்கிறாங்க, கொம்பு இன்னும் முறியல்ல. மைக்ரோகேர்னல்ல ஒவ்வொரு வேலைக்கும் துண்டுகளுக்கு இடையில செய்தி போய் வரணும், அந்தக் காலத்து மெஷின்ல அந்தச் செலவு தாங்கேலாம இருந்திச்சு, லினக்ஸ்ல அது வெறும் ஃபங்ஷன் கோல். என்ட அபிப்பிராயம், தனன்பாம் டிசைன்ல சரி, ஆனா ஆக்கள்ல பிழை. அஞ்சு வருசத்தில எல்லாரும் ஸ்பார்க் எண்ட பெரிய மெஷின்ல ஜிஎன்யூ ஓட்டுவாங்க எண்டு அவர் நம்பினாரு. ஆக்களிட்ட இருந்தது மலிவு 386, ஜிஎன்யூவிட்ட கேர்னல் இல்ல.

இதவிட முக்கியமா எனக்குப் படுறது ரெண்டு சின்ன விசயம். ஒண்டு, 1991 கடைசியில ஜேர்மனியில ஒருத்தரிட்ட ரெண்டே ரெண்டு எம்பி மெமரிதான், அதில கொம்பைலர் ஓடுதில்ல எண்டு கேட்டாரு. லினஸ் அந்த நத்தார் நேரம் உக்காந்து, மெமரி பத்தாட்டி டிஸ்க்குக்கு மாத்துற வேலைய எழுதிக் குடுத்திட்டாரு. மினிக்ஸ்ல அது இல்ல. தெரியாத ஒருத்தன்ட கஷ்டத்துக்கு ஒரு கிழமையில பதில் வந்தா அவன் அங்கேயே நிண்டுருவான், அடுத்த முறை அவனே பட்ச், அதாவது திருத்தம் எழுதி அனுப்புவான். ரெண்டாவது லைசன்ஸ். முதல்ல லினக்ஸ்ட லைசன்ஸ்ல காசு வாங்கிக் குடுக்கக் கூடாது எண்டு இருந்திச்சு, அதால ஃப்ளொப்பிக் காச வாங்கிக் கொப்பி பண்ணிக் குடுக்கிறவனுக்கும் பிரச்சினை. 1992 தொடக்கத்தில, 0.12 காலத்தில, ஜிபிஎல்லுக்கு மாத்தினாரு. வித்துக்க, ஆனா மாத்தினா சோர்ஸையும் குடு. தான் செஞ்சதிலயே நல்ல வேலை அதுதான் எண்டு பிறகு சொன்னாரு. அத்தோட ஸ்டோல்மன்ட வீட்டுச் சாமானும் லினஸ்ட அத்திவாரமும் ஒண்டு சேந்திச்சு. ஜிஎன்யூ ஸ்லாஷ் லினக்ஸ் எண்டு சொல்லணும் எண்டு ஸ்டோல்மன் கோவிக்கிறதில நியாயம் இல்லாம இல்ல.

1994 மார்ச்ல 1.0 வந்திச்சு, 176,250 வரி. அதே வருசம் பிஎஸ்டி வழக்கு முடிஞ்சி, ஜூன்ல சுத்தமான 4.4 பிஎஸ்டி லைட் வந்தாலும் பஸ் போயிட்டு. பிஎஸ்டி ஆக்களும் அதுக்கிடையில பிரிஞ்சிட்டாங்க, 1993ல நெட்பிஎஸ்டி, ஃப்ரீபிஎஸ்டி, 1995ல தியோ டி ராட் நெட்பிஎஸ்டியில இருந்து பிரிஞ்சு போய் ஓப்பன்பிஎஸ்டி. மூணும் நல்ல சாமான், மூணும் இண்டைக்கும் உயிரோட இரிக்கு.

எங்கட பக்கம் இதெல்லாம் வந்து சேந்தது பிந்தித்தான். நான் தொடங்கக்குள்ள மட்டக்களப்பு டவுன்ல நெட் கஃபேயில மணிக்கணக்குக்குக் காசு, ஒரு சிடி அளவு டவுன்லோட் பண்றதெல்லாம் கனவு, கொழும்பில படிக்கிற மச்சான் ஒருத்தன் சிடி எழுதிக் கொண்டு வந்தான். போட்டா எல்லாம் வேலை செய்யிது, மொடம் மட்டும் இல்ல. பிறகுதான் விளங்கினது, அந்த மலிவு மொடம் எல்லாம் வின்மொடம், அரைவாசி வேலைய விண்டோஸ் ட்ரைவர்தான் செய்யிது, லினக்ஸ்க்கு அந்த ட்ரைவர ஆரும் குடுக்கல்ல. கேர்னல் எண்டது ட்ரைவர்தான் எண்டு நான் படிச்சது அண்டைக்குத்தான். பிறகு உபுண்டுக்காரர் கேட்டா இலவசமா சிடி தபால்ல அனுப்பினாங்க, 2011 வரைக்கும் அந்தச் சேவை நடந்திச்சு. வெளிநாட்டு முத்திரையோட தபால்கந்தோர்ல இருந்து வந்த அந்தக் கட்ட அம்மா கனடா விசாக் கடிதம் எண்டு நினைச்சி சாமித்தட்டில வச்சிட்டா.

இன்னொண்டும் சொல்லணும், இத எங்கட பொடியனுகளே கனபேருக்குத் தெரியாது. 2004 சுனாமியில கல்லடி, நாவலடி, கல்முனை, மருதமுனை எல்லாம் அழிஞ்ச நேரம், ஆர் காணாமப் போனது, எந்த முகாம்ல எத்தின பேர், எந்த உதவி எங்க போகுது எண்டு ஒரு கணக்கில்லாம தடுமாறினாங்க. அப்ப இலங்கையில மென்பொருள் வேலை செய்யிற ஆக்கள் தொண்டரா ஒண்டு சேந்து சில கிழமைக்குள்ள எழுதினதுதான் சஹானா. ஓப்பன் சோர்ஸா விட்டதால அடுத்த வருசம் பாகிஸ்தான் பூமியதிர்ச்சிக்கும் அதக் கொண்டு போனாங்க, 2006ல சுதந்திர மென்பொருள் அறக்கட்டளைட விருதும் கிடைச்சிது. அது கேர்னல் இல்ல தம்பி, ஆனா ஆரிட்டயும் லைசன்ஸ் கேட்டுக்கொண்டு நிக்காம எழுதவும் குடுக்கவும் ஏலுமா இருந்தது, கீழ கிடந்த அத்திவாரமும் இப்பிடித் திறந்து கிடந்ததாலதான்.

பிற்பாட்டு லினக்ஸ் கதைய ஓட்டமாச் சொல்றன். 2003ல எஸ்கோ எண்ட கொம்பனி எங்கட யுனிக்ஸ் கோட லினக்ஸ்ல போட்டுட்டீங்க எண்டு ஐபிஎம்மில 100 கோடி டொலருக்கு வழக்குப் போட்டிச்சு, ஆனா 1992 மாதிரி இல்ல, இப்ப லினக்ஸ்க்குப் பின்னால பெரிய கையெல்லாம் நிண்டிச்சு, ஆக்கள் பயப்படல்ல. 2005ல கோட்ல ஆர் என்ன மாத்தினது எண்டு கணக்கு வைக்கிற சிஸ்டம் ஒண்ட இலவசமாக் குடுத்தவங்க நிப்பாட்டினதால லினஸ் கோவத்தில தானே ஒண்டு எழுதினாரு, அதுதான் நீங்க இப்ப பாவிக்கிற கிட். 2017 நவம்பர்ல இருந்து உலகத்தில முதல் 500 சுப்பர் கொம்பியூட்டரும் லினக்ஸ். 2022 டிசெம்பர்ல வந்த 6.1ல ரஸ்ட் மொழி உள்ளுக்க வந்திச்சு. இப்ப 3 கோடி வரியத் தாண்டிட்டு, அரைவாசிக்கு மேல ட்ரைவர்தான்.

மத்ததெல்லாம் எங்க போச்சு எண்டு கேட்டீங்களே. ஐஃபோனுக்க கிடக்கிற கேர்னல்ல ஒரு பாதி மாக், ஒரு பாதி பிஎஸ்டி. பிளேஸ்டேஷன் 4 ஃப்ரீபிஎஸ்டியில இருந்து வந்தது, நெட்ஃப்ளிக்ஸ் படத்த அனுப்புற சேர்வரும் ஃப்ரீபிஎஸ்டி. பிஎஸ்டி லைசன்ஸ்ல எடுத்தவன் திருப்பிக் குடுக்கத் தேவையில்ல, அதால பேர் வெளிய தெரியாம உள்ளுக்க ஓடுது. எல்லாத்திலயும் பகிடி மினிக்ஸ். 2017ல தெரிய வந்திச்சு, இன்டெல் சிப்புக்கு உள்ளுக்க ஒளிச்சிரிக்கிற மேனேஜ்மென்ட் எஞ்சின்ல ஓடுறது மினிக்ஸ் எண்டு. தனன்பாமுக்கே பத்திரிகையப் பாத்துத்தான் தெரியும், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே எண்டு இன்டெலுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினாரு. அப்ப பாருங்க, நீங்க லினக்ஸ் போட்ட அந்த இன்டெல் லேப்டொப்ல, அதுக்கும் கீழ மினிக்ஸ் ஓடிக்கிட்டு இரிக்கலாம். மைக்ரோகேர்னல் தோத்திட்டு எண்டு சொல்ற ஆக்களுக்கு இன்னொண்டு, எஸ்ஈஎல்4 எண்ட மைக்ரோகேர்னல 2009ல கணித முறையில பிழையில்ல எண்டு நிறுவினாங்க, அது சி கோட்ல 10,000 வரிக்கும் குறைவு எண்டதாலதான் அது ஏலுமாச்சு, 3 கோடி வரிய அப்பிடி நிறுவ ஆராலயும் ஏலா. 2014ல அதையும் ஓப்பன் சோர்ஸாக்கிட்டாங்க.

தம்பி, சோதனைக்கு இவ்வளவு தேவையில்ல. ஆனா நேரம் கிடைச்சா லினக்ஸ் 0.01ட கோட எடுத்துப் பாருங்க, இன்னும் நெட்ல கிடக்கு. அதில ஷெட்யூலர் எண்ட துண்ட மட்டும் தேடி வாசிங்க, அடுத்த முறை ஆருக்கு ப்ரொசசர் எண்டு தீர்மானிக்கிற இடம், ஒரு பக்கத்துக்குள்ள முடிஞ்சிரும், ஆகக் கூடினது 64 வேலை. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கணக்கு வச்சிரிக்கு, ஓடத் தயாரா இரிக்கிறதில ஆருக்குக் கணக்குக் கூட இரிக்கோ அவனுக்கு முறை. தயாரா நிக்கிற எல்லார்ர கணக்கும் முடிஞ்சா எல்லாருக்கும் புதுசாப் போடும், அப்ப தண்ணி கேக்காமப் படுத்திருந்தவன்ட மிச்சக் கணக்கில பாதிய வெட்டாம அவனுக்கே சேத்து விடும், அவன் எழும்பி வாற நேரம் அவனுக்குத்தான் முதல் முறை. மாமாட்ட இத ஒருக்கா விளங்கப்படுத்தினன். ஓம் மனே, நாங்களும் அப்பிடித்தான் குடுக்கிற, ஆனா அந்தப் பாதி எண்ட கணக்குக்கு எங்கட வட்டையில ஒருத்தனும் ஒத்துக்கொள்ள மாட்டான், முழுசாத் தா எண்டு மண்வெட்டியோட வந்துருவான் எண்டாரு.